நீடிய பொறுமை யாருக்குச் சொல்லப்பட்டது?

தோட்டத்து மக்களுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், இங்கே இத்தனை பேர், இந்தியாவுக்கு இத்தனை பேர் என்று தலைகளைப் பிரித்தது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. இடையில் 1977இலும் 1981இலும் இந்தச் சபரகமுவத் தோட்டங்களின் லயங்கள் தாக்கப்பட்டன. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிய குடும்பங்கள் பல. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது, 2021இல்தான் கைகூடியது.

இத்தனைக்கும் காத்திருந்த ஒரு ஜனத்தின் முன்னால், இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்டவைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில், ஞாயிறு காலை ஆவியின் கனிகளைப் பற்றிப் பிரசங்கம் நடக்கிறது. நீடிய பொறுமை வேண்டும், சாந்தம் வேண்டும், இச்சையடக்கம் வேண்டும் என்கிறார் போதகர். கேட்கிறவர்களின் மனதில் என்ன பதிகிறது? கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாய் திறக்காதே, வீட்டில் அடித்தாலும் சகித்துக்கொள், கிடைத்ததை வாங்கிக்கொண்டு போ என்பதுதான் பலருக்குப் பதிகிறது. போதகர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் விளக்காமல் விட்டால் அப்படித்தான் விளங்கும்.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய வேர் ஒன்றும் உண்டு. 1854இல் தோட்டத் தமிழரிடையே சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்மார் வந்தார்கள். அவர்களுடைய செலவுக்குத் துரைமார் சந்தா கொடுத்தார்கள். அந்த உபதேசியார்களில் பலர் மழையிலும் குளிரிலும் தோட்டம் தோட்டமாக நடந்து, பள்ளிக்கூடம் வைத்து, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களைக் குறைத்துப் பேசக் கூடாது. இருந்தாலும் பெரட்டுக்களத்தில் வேலை வாங்குகிறவரின் பணத்திலேயே பிரசங்கமும் நடந்த இடத்தில், அடக்கத்தைப் பற்றிய வசனங்கள் சற்று உரக்கவும் நீதியைப் பற்றிய வசனங்கள் சற்று மெல்லவும் ஒலித்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஆகவே முதலில், இந்த வார்த்தைகள் எங்கே, யாருக்கு எழுதப்பட்டன என்று பார்ப்போம்.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடியும் ஒன்பது குணங்கள் ஆவியின் கனிகளாக வரிசையாக வருகின்றன. கலாத்தியா இன்றைய துருக்கியின் நடுப்பகுதி. அங்கிருந்த சபைகள் அப்போது உடையும் நிலையில் இருந்தன. யூதரல்லாதவர் விசுவாசிகளாகும்போது விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பது சண்டை. பிறப்பும் சடங்கும் சட்டமும் சேர்ந்த சண்டை அது. ஆளை ஆள் கடித்துக் குதறும் அளவுக்கு முற்றியிருந்தது என்று அதே அதிகாரத்தில் பவுல் எச்சரிக்கிறார். கனிகளுக்கு முன்னால் மாம்சத்தின் கிரியைகளின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதில் நாம் வழக்கமாக நினைவில் வைத்திருப்பவை விபசாரமும் குடிவெறியும். எண்ணிப் பாருங்கள்: பகை, சண்டை, பொறாமை, கோபம், கட்சி பிரிப்பது என்று மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் நடக்கும் கெடுதிகளே அதில் பாதியளவுக்கு இருக்கின்றன.

அப்படியானால் கனிகளின் பட்டியல் தனியாக அறையைச் சாத்திக்கொண்டு தியானிக்கிறவனின் குணப் பட்டியலாக இருக்க முடியாது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் மனிதருக்கு இடையில் என்ன விளைய வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. லயத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒரு காம்பராவில் பிள்ளை இருமினால் மூன்று காம்பரா தள்ளிக் கேட்கும். பீலிக்கரையில் யாருடைய குடம் முதலில் என்பதில் தொடங்கும் பேச்சு இஸ்தோப்புவரை வந்து, இரண்டு குடும்பங்கள் ஒரு வருடம் முகம் பார்க்காமல் இருக்கும். பவுல் கேட்கும் சமாதானம் விளைய வேண்டிய நிலம் அந்தப் பீலிக்கரைதான்.

கனிகளையும் வரங்களையும் போட்டுக் குழப்புவது இன்னொரு சிக்கல். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், சுகமாக்கும் வரம் இவையெல்லாம் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 12ஆம், 14ஆம் அதிகாரங்களில் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரத்தைப் பவுல் வைத்திருப்பதைக் கவனியுங்கள். வரம் ஒருவருக்கு ஒரு கூட்டத்திலேயே கிடைக்கலாம். கனி அப்படிக் கிடைப்பதில்லை. அதற்குப் பருவங்கள் கடக்க வேண்டும். இரவுக் கூட்டத்தில் வல்லமையாக ஜெபித்தவர் காலையில் மனைவியை ஏசினால், வரம் உண்டு கனி இல்லை என்று அவரைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். அதைச் சொல்லத் தயங்கும் சபை தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது என்பது நமது கருத்து. கத்தோலிக்க மறைக்கல்வி ஒன்பதுக்குப் பதில் பன்னிரண்டு கனிகளைக் கற்பிக்கிறது. பழைய லத்தீன் வேதாகமத்தின் வழி வந்த எண்ணிக்கை அது. பொருளில் பெரிய பேதம் இல்லை. இதை வைத்து யாரும் யாரோடும் வாதாட வேண்டாம்.

இப்போது சாந்தத்துக்கு வருவோம். அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான்.

சாந்தத்தைக் கனி என்று எழுதிய அதே பவுல், அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் என்ன செய்தேன் என்று எழுதியிருக்கிறார் தெரியுமா? அந்தியோகியாவில் பேதுருவை எல்லோருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே எதிர்த்ததை எழுதியிருக்கிறார். காரணம் சாப்பாட்டுப் பந்தி. யூதரல்லாத சகோதரரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு பந்தியிலிருந்து ஒருவன் ஒதுக்கப்படும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதைச் சாந்தம் என்று அவர் எண்ணவில்லை. கடல் தாண்டி வந்தும் சாதியை விடாமல் சுமந்து வந்த நமக்கு, கலியாண வீட்டில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று இன்றும் ஓரக்கண்ணால் பார்க்கிற நமக்கு, இந்தப் பகுதியை அடிக்கடி வாசிக்க வேண்டிய அவசியம் இருக்கிறது. பூமியில் மிகுந்த சாந்தமுள்ளவன் என்று வேதம் சாட்சி சொல்லும் மோசேயும், பார்வோனின் அரண்மனைக்குத் திரும்பத் திரும்பப் போய் என் ஜனத்தை விடு என்று கேட்டவர்தானே.

அப்படியென்றால் சாந்தம் எது? இந்தப் பக்கத்தில் றப்பர் வெட்டுகிறவர்களின் கையைப் பார்த்தால் விளங்கும். விடியற்காலையில் மரத்தின் முன் நிற்கிறவரின் கையில் இருப்பது நல்ல கூரான கத்தி. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாக இறங்கினால் உள்ளே இருக்கும் வளர்படலத்தில் காயம் பட்டு, மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. தேவையான அளவுக்கு இறங்கி, அதற்கு மேல் ஒரு மயிரிழையும் இறங்காமல் நிற்கிற அந்தக் கையின் பெயர்தான் சாந்தம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதை வைத்துப் பாருங்கள். சாக்குப் பாரம், இலையில் ஈரம் என்று கிலோக்கணக்கில் கழிக்கிறார்கள். ஒரு பெண் சத்தம் போட்டு எல்லோரையும் ஏசிவிட்டுப் போகலாம். இன்னொருத்தி தலையைக் குனிந்துகொண்டு போகலாம். மூன்றாவது பெண் நின்று, "ஐயா, நேத்து இதே சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சீங்க, இன்னைக்கு நாலு கழிக்கிறீங்க. மழையும் இல்ல. என்ன கணக்குன்னு சொல்லுங்க" என்று கேட்கிறாள். பதில் வரும்வரை நகராமல் நிற்கிறாள். இந்த மூன்று பேரில் சாந்தகுணமுள்ளவள் மூன்றாமவள்தான். கணக்கப்பிள்ளையின் குடும்பத்தை அவள் இழுக்கவில்லை, அவருடைய மரியாதையைக் கெடுக்கவில்லை, தன் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கு இந்த நாட்டிலேயே பெரிய அளவில் ஒரு சாட்சி இருக்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைச் சேர்த்து 1995இல் இரத்தினபுரி மறைமாவட்டம் அமைந்தபோது, அதன் முதல் ஆயராக வந்தவர் மெல்கம் ரஞ்சித். பின்னாளில் அவர் கொழும்புப் பேராயராகவும் கர்தினாலாகவும் ஆனார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று அவர் ஒரு வார்த்தை தடித்துச் சொல்லியிருந்தால் நீர்கொழும்பு பற்றி எரிந்திருக்கும். யாரும் பழிவாங்கக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மே மாதம் அங்கே கைகலப்பு மூண்டபோது பள்ளிவாசலுக்கே போய் முஸ்லிம்களோடு நின்றார். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதோடு விடவில்லை. பின்னால் இருந்தவர்கள் யார், தெரிந்தும் தடுக்காதவர்கள் யார் என்று ஆட்சிக்கு மேல் ஆட்சியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக்கப்பட்டவர்களும் மற்றவர்களும் தொடுத்த வழக்குகளில், முன்னாள் ஜனாதிபதி உட்பட அதிகாரத்தில் இருந்த ஐந்து பேர் 310 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்தினாலின் அரசியல் கருத்துகள் எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனாலும் பழிவாங்காமை, மன்னிப்பு, நீதிக்கான விடாத கேள்வி ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருக்க முடியும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. நீடிய பொறுமை எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லலாம். அல்லது 1972இல் கண்டியில் சத்யோதயம் நிலையத்தைத் தொடங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியை மலையக மக்களின் உரிமைக்காகவும் சிங்கள–தமிழ் உறவுக்காகவும் கொடுத்த இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸைச் சொல்லலாம். அவர் 2017இல் காலமானார்.

சந்தோஷத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. விடியலில் மழை பெய்தால் றப்பர் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் காசும் இல்லை. அப்படிப்பட்ட காலையில் யாரையும் சிரிக்கச் சொல்லி வேதம் கட்டளையிடவில்லை. வருமானம் ஏறி இறங்கும்போது தானும் சேர்ந்து ஏறி இறங்காத ஒரு நிறைவைத்தான் அது சந்தோஷம் என்கிறது. அழுகிறவர்களோடு அழவும் அது இடம் கொடுக்கும்.

விசுவாசம் என்ற கனியை நாம் ஜெபக் கூட்டத்தோடு முடித்துக்கொள்கிறோம். அதைப் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. குருவிட்டப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் கூலியைவிடப் பங்குதான் பெரிது. நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, பணம் போட்டவருக்கு ஒரு பங்கு, சேற்றில் இறங்குகிறவருக்கும் ஒரு பங்கு. கூடையில் சரளையைக் கழுவும்போது மினுங்கும் கல் ஒன்று உள்ளங்கைக்குள் மறையும் அளவுதான் இருக்கும். அதை மறைக்காமல் எல்லோருக்கும் முன்னால் வைப்பது விசுவாசம். சீட்டுப் பிடிக்கும் அக்கா, எல்லோரும் கட்டிய பணத்தைத் தன் வீட்டு அவசரத்துக்கு எடுக்காமல், சொன்ன நாளில் எடுக்க வேண்டியவர் கையில் கொடுப்பதும் அதுவே. தயவும் நற்குணமும் இப்படித்தான், கைகளில் தெரியும். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளை உறவினரே கைவிட்டபோது அவர்களைக் கழுவி உணவூட்டிய புனித யோசப் வாஸ் அதைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருக்கவில்லை.

இச்சையடக்கத்துக்கு இங்கே சோதனை நாள் சம்பள நாள். பணம் கைக்கு வந்து வீடு போய்ச் சேர்வதற்குள் வழியில் கசிப்பு இருக்கிறது, சாராயக் கடை இருக்கிறது, கூப்பிடும் நண்பர்கள் இருக்கிறார்கள். குடிக்காதே என்று மட்டும் சொல்லும் பிரசங்கம் அந்த வழியில் அவனோடு நடந்து வருவதில்லை. சம்பள நாளன்று மாலை யாராவது ஒருவர் அவனோடு நடந்து வீடுவரை வந்தால், அது நூறு பிரசங்கத்துக்குச் சமம். கனி தனி மனிதனின் மன உறுதியில் மட்டும் விளைவதில்லை என்று நாம் சொல்வதன் அர்த்தம் இதுதான். குடிக்கிறவனை வெட்கப்படுத்துவதாலும் அது விளையாது. கனிகளின் பட்டியல் முடிந்ததும் அடுத்த அதிகாரத்தின் முதல் வார்த்தையாகப் பவுல் சொல்வது, தவறிவிட்டவனைச் சாந்தத்தோடு தூக்கி நிறுத்துங்கள், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமங்கள் என்பதுதான்.

இந்தக் குணங்கள் கிறிஸ்தவருக்கு மட்டும் சொந்தமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. டிசம்பரில் சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கி, குருவிட்ட–எரத்ன வழியாக யாத்திரிகர் ஏறத் தொடங்கியதும், முன்பின் தெரியாதவர்களுக்குத் தேநீரும் சோறும் தரும் பௌத்தர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். 2017 மே வெள்ளத்தில் களு கங்கை பெருகியபோது, உதவிக்கு நீண்ட கையைப் பார்த்து யாரும் மதம் கேட்கவில்லை. ஆவியானவர் எங்கே செயற்படலாம் என்று வேலி போடும் அதிகாரம் நமக்கு இல்லை. அயலவரிடம் தயவைக் கண்டால் நன்றி சொல்லுவோம், அதிலிருந்து கற்றுக்கொள்ளுவோம். கிறிஸ்தவர் சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கனிகள் எங்கள் சாமர்த்தியத்தால் வந்தவையல்ல, கிறிஸ்துவோடு சேர்ந்திருப்பதால் எங்களில் விளைகின்றன. விளையவில்லை என்றால் நாங்கள் சேர்ந்திருக்கவில்லை.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையா? இருக்கிறது. வாரத்துக்கு ஒரு கனி என்று அட்டவணை போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நமக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 'இந்த வாரம் பொறுமை' என்று தீர்மானிக்கிறவர் வார முடிவில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கனியைத் தெரிவுசெய்ய வேண்டாம், ஆளைத் தெரிவுசெய்யுங்கள். பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றுபோன குடும்பம், வீட்டிலிருக்கும் மாமியார், கொழும்பில் வேலைக்குப் போய் அழைப்பு எடுக்காத மகன் என்று யாராவது ஒருவர். அவரோடு பழகும்போது எந்தக் கனி தேவைப்படுகிறது என்பது தானாகத் தெரியவரும். படுக்கும் முன் ஐந்து நிமிடம், இன்று அவரிடம் என்ன பேசினேன், எங்கே கத்தி ஆழமாக இறங்கியது என்று தேவனுக்கு முன்னால் நினைத்துப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே, இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் கற்பித்த பழக்கம் இது. இதற்குப் புத்தகமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்தர் இன்னொரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்: பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை கூடி, ஒருவர் மற்றவரின் ஆத்தும நிலையை விசாரிப்பது. நமது வீட்டுக் கூட்டங்களில் பாட்டும் சாட்சியும் இருக்கின்றன, அந்த விசாரிப்பு குறைந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

கடைசியாக, போதகர்களிடமும் உபதேசியார்களிடமும் மூப்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். புருஷனிடம் அடிவாங்கிய ஒரு பெண் உங்களிடம் அழுதுகொண்டு வரும்போது, நீடிய பொறுமையை அவளுக்குச் சொல்லாதீர்கள். இச்சையடக்கத்தை அடித்தவனிடம் போய்ச் சொல்லுங்கள். அவளுக்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பான ஓர் இடம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938. பரிசுத்த ஆவியின் கனிகளை எழுதித் தொங்கவிட்டிருக்கும் அதே சுவரில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இந்த இலக்கத்தையும் எழுதி ஒட்டுங்கள்.